ஒட்டிக் கட்டிய சுவர்

"யாரை நம்புறது மேடம்?" என்று கேட்டார் கடாட்சம்.

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக். சனிக்கிழமை என்பதால் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் இல்லை. மேஜை மேல் கனசதுரமாக வார்த்த சிமெண்ட் கட்டிகள் வரிசையாக இருந்தன. எப்சிபா ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் தேதி எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கட்டடங்களின் பலத்தைப் பற்றிப் பாடம் எடுப்பவள். கேட்டவருக்கு அறுபத்தேழு.

"உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

"வீட்டு வெளிச் சுவர்ல விரிசல். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு. மூணு பேர் வந்து பார்த்துட்டாங்க. மூணு பேரும் மூணு விதமாச் சொல்றாங்க."

"சொல்லுங்க."

"கொத்தனார் சிமெண்ட் வச்சா சரியாயிடும்னார். வச்சார். அடுத்த சித்திரையில அதுக்குப் பக்கத்துலயே விட்டுருச்சு. பெயிண்ட் கம்பெனி ஆள் மருந்து அடிக்கணும்னார். கான்ட்ராக்டர் ஒருத்தர், வீடு ஆறு மாசம் தாங்காது, இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டுவோம்கிறார்."

"ஒவ்வொருத்தரும் எவ்வளவு நேரம் பார்த்தாங்க?"

நூற்பாலையில் முப்பத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் கடாட்சம். இந்தக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை.

"கொத்தனார் இருபது நிமிஷம். பெயிண்ட்காரர் பதினொண்ணு. கான்ட்ராக்டர் காரை விட்டு இறங்குறதுக்கே நாலு நிமிஷம் ஆச்சு. பார்த்தது மூணு."

எப்சிபா சிரித்துவிட்டாள்.

"உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"எத்தனை சதுர அடின்னு கேட்டாங்க."

"வேற?"

கடாட்சம் யோசித்தார்.

"வேற ஒண்ணும் கேட்கல."

"என்கிட்ட உங்களை யார் அனுப்பினா?"

"அந்தக் கொத்தனார்தான். மாடசாமின்னு பேரு. அவரே திரும்பி வந்தார். இது என் கைக்கு அடங்கல அண்ணாச்சி, இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க, அந்தம்மாவைப் போய்ப் பாருங்கன்னார்."

"நல்ல கொத்தனார்" என்றாள் எப்சிபா.

கடாட்சம் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"சொல்லுங்க மேடம். வீடு நிக்குமா, விழுந்துருமா?"

"தெரியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒரு வார்த்தையை அந்த மூன்று பேரும் சொல்லவில்லை.

*

மறுநாள் காலை ஏழு மணிக்கு எப்சிபா வந்தாள்.

விரிசல் எங்கே என்று அவள் கேட்கவில்லை. வீட்டை ஒரு முறை சுற்றி வந்தாள். ஒவ்வொரு மூலையிலும் நின்றாள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தாள். அப்புறம் தெருவைக் கடந்து, எதிரே பூட்டியிருந்த தையல் கடைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அங்கிருந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடாட்சம் வாசலில் நின்றார். அவருடைய தங்கை பங்கஜவல்லி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஐம்பத்தேழு வயது. கணவர் போனபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். மேற்குப் பாதியில் இருந்தாள். கிழக்குப் பாதியில் கடாட்சம். அவருக்கும் மனைவி இல்லாமல் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

"அந்தம்மா என்ன அங்க போய் உட்கார்ந்துட்டாங்க?"

"பார்க்கிறாங்க."

"அங்க இருந்து என்ன தெரியும்?"

"தெரியல வல்லி. ஐம்பது நிமிஷமாச்சு."

எப்சிபா எழுந்து வந்தாள். உள்ளே போய் எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்தாள். ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டைத் தரையில் வைத்து, உருள்கிறதா என்று பார்த்தாள். கடைசியாகத்தான் விரிசலிடம் வந்தாள்.

வடக்குப் பார்த்த வெளிச் சுவரின் நடுவில், நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. ஒரு நாணயத்தின் விளிம்பு நுழையும்.

"வீடு எப்போ கட்டினது சார்?"

"அப்பா கட்டினார். அம்பத்தி நாலுல."

"முழுசுமா?"

"கிழக்குப் பாதி. கல்லும் சுண்ணாம்பும். மேற்குப் பாதி அறுபத்தஞ்சுல, செங்கல்."

"ரெண்டாவதா ஏன் கட்டினாங்க?"

"எங்கம்மா போனப்புறம் அப்பா இன்னொரு கல்யாணம் பண்ணினார். சித்திக்காகக் கட்டினது."

ஜன்னலில் இருந்த பங்கஜவல்லி உள்ளே போய்விட்டாள். அவள் அந்தச் சித்தியின் மகள்.

எப்சிபா பையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தாள். மைக்ராஸ்கோப்பில் வைப்பார்களே, அது. விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சுவரோடு ஒட்டினாள். பக்கத்தில் தேதி எழுதினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி அடித்தாள். ஒரு பழைய வெர்னியர் அளவுகோலை கடாட்சத்தின் கையில் கொடுத்தாள்.

"வாரம் ஒரு நாள். ஒரே கிழமை, ஒரே நேரம். ரெண்டு ஆணிக்கும் நடுவுல எவ்வளவுன்னு எழுதுங்க."

"அது எனக்கு வரும்."

"இன்னொண்ணும் வேணும். இந்த வீட்டுக்கு நடந்ததை எல்லாம் எழுதிட்டு வாங்க. எப்போ குழாய் வந்தது, எங்க பள்ளம் தோண்டினது, எந்த மரம் நின்னது, எப்போ வெட்டினது. ஞாபகம் இருக்கிற அத்தனையும்."

"அதை வச்சு என்ன செய்வீங்க?"

"நான் உங்க வீட்டை நேத்து வரைக்கும் பார்த்ததில்ல சார். நீங்க அறுபத்தேழு வருஷமா பார்த்திருக்கீங்க."

"சரி. மருந்து?"

"இப்போ ஒண்ணும் வேண்டாம்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா!"

"இது கரிசல் மண். வெயில்ல சுருங்கும், மழையில ஊறும். ஒரு வெயிலும் ஒரு மழையும் பார்க்காம நான் ஏதாவது சொன்னா அது ஜோசியம்." அவள் பையை மூடினாள். "ஆனா ஒண்ணு. ஏதாவது கதவு திடீர்னு சிக்கினாலோ, ஒரே வாரத்துல ஒரு மில்லிமீட்டர் கூடினாலோ உடனே கூப்பிடுங்க. வகுப்புல இருந்தாலும் எடுப்பேன்."

அவள் போனபின் பங்கஜவல்லி வெளியே வந்தாள். கண்ணாடித் துண்டைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஒரு வருஷத்துக்குள்ள விழுந்துட்டா அண்ணே?"

கடாட்சம் வெர்னியரை எடுத்து முதல் அளவை எழுதினார்.

*

கண்ணாடி வைகாசியில் உடைந்தது.

மத்தியான நேரம். சுவர் அனலாகக் கிடந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். துணி உலர்த்திக்கொண்டிருந்த பங்கஜவல்லி கையிலிருந்த சேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

கடாட்சம் பஸ் பிடித்து பாலிடெக்னிக்குக்குப் போனார். சட்டை நனைந்திருந்தது.

"டீச்சர், உடைஞ்சு போச்சு!"

டீச்சர் என்று எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"நல்லது" என்றாள் எப்சிபா.

"நல்லதா?"

"உடையணும்னுதானே ஒட்டினேன். ஆணிக் கணக்கு என்ன?"

அவர் நோட்டைக் காட்டினார். ஏழு வாரம். ஒவ்வொரு வாரமும் முடி அளவு கூடியிருந்தது. எங்கும் தாவவில்லை.

"அடிச்சு எழுதினது ஒண்ணுகூட இல்லையே" என்றாள் அவள், பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. "எங்க பசங்க நோட்டு இப்படி இருக்காது."

மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு கண்ணாடித் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இதை நீங்களே ஒட்டிடுங்க."

*

வீட்டுக்கு நடந்ததை எழுத அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. 'குழாய் - 1971' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் குழாய் வந்த நாள் வந்தது. முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. அப்பா அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்த அப்பா. அவர் சட்டையில் எப்போதும் கந்தக வாசனை அடிக்கும். இரவில் அவர் கழற்றி மாட்டிய பிறகும் அந்த ஆணிப் பக்கம் வாசனை இருக்கும்.

குழாய்க்குப் பின்னால் மற்றதெல்லாம் வந்தது.

முதல் மின்சார பல்பு. அதையே பார்க்காதீங்க, கண் போயிடும் என்று அப்பா அதட்டியது. எல்லோரும் பார்த்தது. பின்பக்கம் நின்ற முருங்கை, அது சாய்ந்த வருஷம். ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்து, தெருவில் போன தண்ணீரில் தீக்குச்சிக் கட்டைகள் மிதந்து வந்தது. ஆலைச் சங்கு ஊதினால் தெருவில் பாதிப் பேர் சோற்றுக் கையோடு எழுந்திருப்பார்கள். சங்கு நின்றுபோன பிறகும் ரொம்ப நாள் அவருக்கு அந்த நேரத்தில் விழிப்பு வந்தது.

அம்மாவைப் பற்றி எழுதும்போது கை மெதுவாகப் போனது. அவள் வடமேற்கு மூலை அறையில்தான் படுத்திருந்தாள். அந்த அறையில் சுண்ணாம்பு வாசனையும் மருந்து வாசனையும் சேர்ந்து இருக்கும். அவர் பள்ளிவிட்டு வந்தால் சிலேட்டைக் காட்டச் சொல்வாள். சரியோ தப்போ, பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். அவருக்கு ஆறு வயதாகும்போது போய்விட்டாள்.

ஆடி மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

எப்சிபா முழுவதும் படித்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. முருங்கை சாய்ந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டாள். குழாய் பதித்த ஆழத்தைக் கேட்டாள்.

கடைசிப் பக்கத்தை மூடினாள்.

"கிழக்குப் பக்கத்துக்கு ஒன்பது பக்கம் எழுதியிருக்கீங்க. மேற்குப் பக்கத்துக்கு ரெண்டு வரி."

'1965-இல் மேற்கில் மூன்று அறைகள் கட்டப்பட்டன. செங்கல்.' அதுதான் அந்த இரண்டு வரி.

"அந்தப் பக்கம் நான் அதிகமாப் போனதில்ல டீச்சர்."

"ஒரே வீடுதானே?"

"ஆமா."

"நடுவுல ஒரு சுவர்தானே?"

"ஆமா."

நோட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

*

அடுத்த ஞாயிறு மாடசாமியை வரச் சொல்லியிருந்தாள். கோட்டின் மேல் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்னாள். மாடசாமி மெல்லத் தட்டித் தட்டி எடுத்தார்.

உள்ளே ஒரு பக்கம் செங்கல் வரிசை தெரிந்தது. அது பழைய சுவரை வந்து தொட்டு நின்றது. அவ்வளவுதான். பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சு, பெயராமல், ஒரு கீறல்கூட இல்லாமல் செங்கலுக்குப் பின்னால் தொடர்ந்து போனது.

"கோர்க்கவே இல்லையே!" என்றார் மாடசாமி.

"அப்படின்னா?" என்று கேட்டார் கடாட்சம்.

"பழைய சுவரோட புதுச் சுவரைச் சேர்க்கணும்னா, பழசுல இங்கொண்ணு அங்கொண்ணாக் கல்லைப் பெயர்த்துட்டு, அந்தக் குழிக்குள்ள புதுச் சுவரைக் கொண்டுபோய்ச் சொருகிக் கட்டணும் அண்ணாச்சி. ரெண்டு கை விரலைக் கோர்த்துக்கிற மாதிரி. இது சும்மா ஒட்டி வச்சது."

எப்சிபா மேற்குப் பக்கத்தின் மற்ற மூலைகளைக் காட்டினாள்.

"அங்க எல்லாம் எப்படி மாடசாமி?"

"சுத்தமான வேலைம்மா. இப்படி இப்போ யார் கட்டுறா?"

"இவ்வளவு கைத்திறன் உள்ளவர் இந்த ஒரு இடத்தை மட்டும் மறந்திருப்பாரா?"

மாடசாமி இல்லை என்று தலையாட்டினார்.

எப்சிபா கடாட்சத்திடம் திரும்பினாள்.

"யாரோ வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சார். யார், ஏன்னு எனக்குத் தெரியணும்."

"அது எதுக்கு டீச்சர் இப்போ?"

"பழைய சுவர் பலமில்லாம இருந்து, அதைத் தொடப் பயந்து விட்டிருந்தா, நான் பார்க்க வேண்டியது அந்தச் சுவரை. வேற காரணம்னா வேற வைத்தியம். உங்களுக்கு அப்போ எத்தனை வயசு?"

"ஒன்பது."

"ஏதாவது ஞாபகம் இருக்கா?"

கடாட்சம் அந்தச் சுண்ணாம்புப் பூச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல" என்றார்.

அது முழு உண்மை இல்லை. கட்டும்போது நடந்தது அவருக்கு ஞாபகம் இல்லைதான். ஆனால் காரணம் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். வெகு காலமாகவே அப்படி ஒன்று அவருக்குள் இருந்தது. இன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது.

*

புரட்டாசியில் கான்ட்ராக்டர் மறுபடி வந்தார். கையில், வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டச் சம்மதிக்கும் பத்திரம் இருந்தது.

பங்கஜவல்லி அதை வாங்கிப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"என்ன வல்லி இது?"

"எனக்குப் பயமா இருக்கு அண்ணே. ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன். நீங்க ஆணியை அளந்துகிட்டு இருக்கீங்க."

"டீச்சர் ஒரு வருஷம்னு சொல்லியிருக்காங்க."

"சித்திரை வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள நீங்களும் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நான் ஓசூருக்கு மக வீட்டுக்குப் போயிடறேன். அப்புறம் இந்த வீட்டை வச்சு நீங்க என்னமும் பண்ணிக்கோங்க."

ஐப்பசியில் மழை பிடித்தது. கடாட்சம் குடை பிடித்துக்கொண்டு ஆணிகளை அளந்தார். கார்த்திகையில் இடைவெளி குறைந்தது. மார்கழியில் நாணயம் நுழையவில்லை. இரண்டாவது கண்ணாடி ஒரு நாள் விளிம்பில் நொறுங்கியது. மூன்றாவதை ஒட்டினார். தை போனது. மாசியில் மறுபடி மெல்ல விலக ஆரம்பித்தது.

மாதம் ஒரு முறை பாலிடெக்னிக்குக்குப் போனார். எப்சிபா நோட்டை வாங்குவாள், பார்ப்பாள், தருவாள். சில நாள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்திருக்கும்போது கேட்டாள்:

"மேற்குப் பக்கம் ஏதாவது எழுதினீங்களா?"

"இல்ல டீச்சர்."

"சரி."

*

சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எப்சிபா அறிக்கையோடு வந்தாள்.

முன்னறையில் உட்கார்ந்தார்கள். பங்கஜவல்லி காபி கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய பெட்டியும் ஒரு கட்டைப்பையும் கதவோரம் இருந்தன. சாயங்காலம் பஸ்.

"நீங்களும் இருங்க" என்றாள் எப்சிபா.

பங்கஜவல்லி உட்காரவில்லை. கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஐம்பத்திரண்டு வாரம். வெயில்ல விலகியிருக்கு, மழையில சேர்ந்திருக்கு. இன்னைக்கு நான் அளந்தேன். போன வருஷம் முதல் நாள் எங்க இருந்துச்சோ, அதே இடத்துல நிக்குது. கூடல. கதவு எதுவும் சிக்கல. தரை சாயல."

"அப்படின்னா?"

"வீடு நிக்கும் சார்."

பங்கஜவல்லி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு வீடும் தனித்தனியா நல்லா நிக்குது. கனம் வேற, கல் வேற. ஒவ்வொண்ணும் அதது போக்குல அசையுது. கோட்டுல இருக்கிற சிமெண்ட்டை மாடசாமியை விட்டுச் சுரண்டி எடுத்துடுங்க. அது இறுகிப்போய் ரெண்டையும் இழுக்குது. அந்த இடத்துல ரப்பர் மாதிரி மிருதுவா ஒரு பசை இருக்கு, அதை வைக்கணும். தண்ணி இறங்காது, அசையவும் விடும். சுவரடியில மண்ணைச் சரிச்சு, மழைத் தண்ணி தெருவுக்கு ஓட வைங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றாள் பங்கஜவல்லி.

"இவ்வளவுதான்மா. ஆனா ஒரு கட்டம் காலியா இருக்கு." எப்சிபா அறிக்கையைத் திருப்பிக் காட்டினாள். "காரணம். கோர்க்காமக் கட்டினதுன்னு தெரியும். ஏன் கோர்க்கலைன்னு தெரிஞ்சாத்தான் பழைய சுவரை நான் நம்பி எழுதலாம். ஒன்பது மாசமாக் கேட்கிறேன். சார் சொல்லல."

கடாட்சம் காபி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடறேன் டீச்சர். சித்திதான் வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க."

"அண்ணே."

"இருக்கட்டும் வல்லி. இத்தனை வருஷம் சொல்லல. எங்கம்மா வாழ்ந்த வீட்டோட அவங்க வீடு சேரக்கூடாதுன்னு நினைச்சிருப்பாங்க. புதுசா வந்தவங்க. தனியா இருக்கணும்னு தோணியிருக்கும். தப்புன்னு சொல்லல. எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். அதான் அந்தப் பக்கம் நான் போனதில்ல."



"எங்கம்மாதான் சொன்னா" என்றாள் பங்கஜவல்லி.

"நான்தான் சொல்றேனே."

"ஏன்னு உங்களுக்குத் தெரியாது."

அவள் எப்சிபாவைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொத்தனார் கடப்பாரையோட வந்து, மூலை அறைச் சுவர்ல கல்லைப் பெயர்க்கப் போனாராம். அண்ணன் உள்ளே போய் அந்தச் சுவரை ஒட்டிப் படுத்துக்கிட்டாங்களாம். ரெண்டு நாள். சோறு தண்ணி இல்ல. யாராவது கிட்டப் போனா, இடிக்காதீங்க, உள்ளே அம்மா இருக்கான்னு கத்துவாங்களாம். காய்ச்சல் வேற."

கடாட்சம் தலையைத் தூக்கினார்.

"அப்பா இவங்களைத் தூக்கி வெளிய போட வந்திருக்கார். எங்கம்மா குறுக்க போய் நின்னாளாம். அவளுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகல. அப்பாவை எதுத்து அவ பேசினது அந்த ஒரு தடவைதான். நேரா கொத்தனார்கிட்ட போய், அந்தச் சுவர்ல ஒரு கல்லைக்கூட எடுக்காதீங்க, ஒட்டி மட்டும் கட்டிடுங்கன்னு சொல்லியிருக்கா. அவர் சொன்னாராம், பின்னால பிளந்துக்கும் தாயி, மழைத் தண்ணி உங்க பக்கம்தான் இறங்கும்னு."

"சித்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் கடாட்சம்.

"இறங்கட்டும்னாளாம். பிள்ளை பயப்படுதுன்னாளாம்."

தெருவில் ஐஸ்காரரின் மணி கேட்டது. போய்விட்டது.

கடாட்சத்துக்கு அந்த இரண்டு நாள் ஞாபகம் வரவில்லை. வந்தது வேறு. ஐப்பசி மழை. மூலை அறையில் அவர் படுத்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரத்தில் தண்ணீர் சொட்டுகிறது. சொட்டுச் சொட்டாக. நடுவில் யாரோ எழுந்து, நிறைந்த பாத்திரத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். சத்தம் மாறுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவர் தூங்கிப்போவார். எத்தனை வருஷம் அப்படித் தூங்கினார் என்று கணக்குச் சொல்ல அவரால் முடியவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல வல்லி?"

"சொல்லிறாதடின்னா. அவனுக்கு அது மறந்திருந்தா மறந்ததாவே இருக்கட்டும்னா. சாகுற வரைக்கும் அதான் சொன்னா."

அவர் எழுந்து கதவுப் பக்கம் போனார். எதற்குப் போனோம் என்று தெரியாத மாதிரி நின்றார். பங்கஜவல்லியின் கட்டைப்பை காலில் தட்டியது.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"இனிமே எதுக்கு பஸ்?" என்றாள் அவள். மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கான்ட்ராக்டரைத்தான் வரச் சொல்லணும். பத்திரத்தைத் திருப்பி வாங்கணும்."

எப்சிபா காபியைக் குடித்து முடித்தாள். ஆறியிருந்தது. அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"அப்போ பழைய சுவர்ல கோளாறு எதுவும் இல்ல" என்றாள். "காரணம்னு என்ன எழுத சார்?"

கடாட்சம் திரும்பவில்லை.

"பிள்ளை பயந்துச்சுன்னு எழுதுங்க டீச்சர்."